ஜனநாயகத்தின் மீது மரபு தொடுத்த வழக்கு: நான்கு வாதங்களில் எதைக் கையில் எடுப்பது?

ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வாசகர்களிடமிருந்து ஒரே வகையான கடிதங்கள் வருகின்றன. வாக்குக்குக் கொடுக்கப்படும் பணம், வெற்றி பெற்ற மறுநாளே கட்சி மாறும் உறுப்பினர், விவாதமின்றி நிமிடங்களில் நிறைவேறும் மசோதா ஆகியவற்றைப் பார்த்துச் சலித்தவர்கள், நவீன ஜனநாயகத்தின் அடிப்படைகளையே மறுத்த மரபுவாதச் சிந்தனையாளர்களைத் தேடி வாசிக்கத் தொடங்குகிறார்கள். வாசித்ததும் வேறொரு குழப்பம் பிடித்துக்கொள்கிறது. இவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வதுபோல் முதலில் தோன்றுகிறது. சற்று ஆழ்ந்து போனால், ஒருவரை ஏற்பவர் மற்றவரை மறுத்தே ஆகவேண்டும் என்று தெரிகிறது. ஒரு வாசிப்பு வட்டம் சில மாதங்களை ஒதுக்கி ஒருவரை ஊன்றிப் படிக்க வேண்டுமென்றால் யாரைத் தேர்ந்தெடுப்பது, யாருடைய வாதத்தை நம் அரசியல் வாழ்வுக்குத் துணையாகக் கொள்வது என்ற கேள்விக்குத்தான் இந்த ஒப்பீடு.

நான் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை என்னும் கொள்கையின் பக்கம் நிற்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் இந்த விமர்சகர்களைப் பொருட்படுத்தாத ஜனநாயகவாதி தன் வீட்டின் விரிசல்களைப் பார்க்க மறுப்பவர் என்றே கருதுகிறேன். எட்மண்ட் பர்க், ஜோசப் டி மேஸ்தர், ரெனே கெனோனும் ஆனந்த குமாரசுவாமியும், காந்தி என நான்கு வாதங்களை எடுத்துக்கொள்கிறேன். இவை நான்கும் வெவ்வேறு இடத்தில் விரலை வைக்கின்றன.

எதைக் கொண்டு அளப்பது?

மரபுவாத விமர்சனம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று தனித்தனிக் குற்றச்சாட்டுகள் கலந்திருக்கின்றன. எண்ணிக்கையில் மிகுந்தவர் சொல்வதே முடிவு என்பது ஜனநாயகத்தின் மீதான குற்றச்சாட்டு. குடும்பம், ஊர், சமயம், தொழில் ஆகிய கட்டுகளுக்கு முன்பே முழுமை பெற்றுவிட்ட தனியனாக மனிதனைக் கற்பனை செய்வது தாராளவாதத்தின் மீதான குற்றச்சாட்டு. ஆளும் உரிமை ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்து கீழிருந்து மேலே செல்கிறது என்பதை மறுப்பது அதிகாரம் பற்றிய குற்றச்சாட்டு. ஒரு சிந்தனையாளர் இம்மூன்றில் எதைச் சொல்கிறார் என்று பிரித்துக்கொள்ளாமல் வாசித்தால், ஊழலைக் கண்டு எழுந்த நம் கோபம் நமக்குத் தெரியாமலேயே மன்னராட்சிக்கான வாதமாக மாறிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு வாதத்திடமும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது? ஆள்பவர் தவறினால் இடித்துரைப்பவர் யார், அவர் சொல்லுக்கு வலு எது? மரபு யாரைக் கடைசியில் நிறுத்தியதோ அவருக்கு இந்த வாதம் என்ன பதில் சொல்கிறது? இதை ஏற்றுக்கொண்ட ஒருவர் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? நான்கிலும் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மிகுந்த எடை கொடுக்கிறேன். நல்ல ஆட்சியாளரின் கீழ் எல்லா அமைப்பும் நன்றாகவே தோன்றும்; கெட்டவர் வந்த நாளில், அதுவும் கடைசி மனிதரின் இடத்தில் நின்று பார்த்தால்தான் அமைப்பின் தரம் தெரியும்.

மரபு என்பது ஒற்றைப் பொருள் கொண்டதல்ல என்பதற்கு நமக்கு அருகிலேயே கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் காட்டி ஜனநாயகம் நம் மரபு என்று மேடைகளில் சொல்வது வழக்கம். ஊர்ச் சபை உறுப்பினரைத் தெரிந்தெடுக்கக் குடத்தில் இடப்பட்ட குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டியிருந்தன. அது பிராமணர்க்குக் கொடையளிக்கப்பட்ட ஊரான ஒரு பிரம்மதேயத்தின் சபை. ஆனால் அதே கல்வெட்டு, முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைக்கிறது. வாசல் மிகக் குறுகியது, உள்ளே இருந்தவர்க்கோ கடுமையான பொறுப்பு. நம் காலத்தில் வாசல் அகன்றுவிட்டது, பொறுப்பு தளர்ந்துவிட்டது. மரபுவாதியின் உண்மையான வலு இந்தத் தளர்ச்சியைச் சுட்டுவதில் இருக்கிறது. அவருடைய ஆபத்து, அதற்கு மருந்தாக வாசலை மறுபடி குறுக்கச் சொல்வதில் இருக்கிறது.

எட்மண்ட் பர்க்: தலைமுறைகளின் உடன்படிக்கை

1729இல் டப்ளினில் பிறந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்த பர்க், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790 நவம்பரில் வெளியிட்ட நூலே நவீன மரபுவாதத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. மன்னர் கொல்லப்படுவதற்கும் பயங்கர ஆட்சி தொடங்குவதற்கும் முன்பே, மக்களைக் கவர்ந்த தளபதி ஒருவர் இராணுவத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்து குடியரசுக்கே தலைவராகிவிடுவார் என்று அதில் எழுதினார். 1799 நவம்பரில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். பர்க்கின் அடிப்படை வாதம் எளியது. சமூகம் என்பது இன்று உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமான பொருள் அன்று. இறந்தவர், வாழ்பவர், இனிப் பிறக்கப்போகிறவர் ஆகிய மூவரும் சேர்ந்த கூட்டு. ஆகவே ஒரு தலைமுறையின் பெரும்பான்மை, தான் கட்டாத ஒன்றைத் தன் விருப்பம்போல் இடித்துவிட உரிமை கொண்டதல்ல.

இந்த வாதத்தைப் பாரிஸை வைத்துப் படிப்பதைவிடச் செங்கல்பட்டை வைத்துப் படித்தால் நமக்கு நன்றாக விளங்கும். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி பட்டதாகச் சொல்லப்பட்ட கடன்களைப் பற்றி 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் நாடாளுமன்றத்தில் ஒரு நெடிய உரை நிகழ்த்தினார். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்ததாகக் கணக்கெழுதிய பெருந்தொகைகளை, எந்த விசாரணையும் இன்றிக் அன்று கர்நாடகம் எனப்பட்ட நவாபின் நாட்டின் நிலவரியிலிருந்து தீர்க்கலாம் என்று அரசு அனுமதித்திருந்தது. ஐதர் அலியின் படையெடுப்பால் கருகிக் கிடந்த ஒரு நாட்டிலிருந்து அந்தப் பணம் எப்படி வரும் என்று கேட்ட பர்க், சென்னையைச் சுற்றியிருந்த கம்பெனி ஜாகீரின் (கம்பெனிக்கு வரிவசூல் உரிமை தரப்பட்ட செங்கல்பட்டுப் பகுதியின்) வரைபடத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்த ஏரிகளை எண்ணினார். இரண்டு மூன்று ஏக்கர் குளம் முதல் ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரி வரை 1,100க்கும் மேற்பட்டவை இருந்தன. இவற்றைக் கட்டியவர்களே மெய்யான மன்னர்கள், தாம் காணப்போகாத சந்ததியைத் தம் சொந்த மக்களாக எண்ணி உயில் எழுதி வைத்தவர்கள் என்று அவர் சொன்னார். ஏரியைக் காப்பாற்றப் பணம் விடாமல் வரியை மட்டும் கறந்து செல்பவர், இறந்தவரின் கொடையையும் பிறக்காதவரின் சோற்றையும் ஒருசேரத் திருடுகிறார் என்பதே அந்தப் பகுதியின் உட்பொருள். குடிமராமத்து என்ற சொல்லை அறிந்த நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை. தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் கணக்குப் பார்க்கும் அரசு ஏன் ஏரியைத் தூர விடுகிறது, ஏன் மணலை விற்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இடித்துரைப்பவர் யார் என்ற கேள்விக்கும் பர்க்கிடம் திடமான பதில் இருக்கிறது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788இல் தொடங்கிய விசாரணையில், வரம்பற்ற அதிகாரத்தை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது, ஏனெனில் அதை வைத்திருக்கும் உரிமை எந்த மனிதனுக்கும் இல்லை என்று வாதிட்டார். ஐரோப்பாவில் ஓர் அறம், ஆசியாவில் வேறோர் அறம் என்பதையும் ஏற்க மறுத்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார் என்றாலும், மரபின் பெயரால் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு அந்த வழக்கு நிலையான எடுத்துக்காட்டு.

மறைந்திருக்கும் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பர்க்கைப் பொறுத்தவரை நெடுங்காலம் நிலைத்திருப்பதே உரிமைக்குச் சான்று. அந்த அளவுகோல் ஏரியைக் காப்பாற்றும், தீண்டாமையையும் காப்பாற்றும். அதே 1790 நூலில், முடிதிருத்துபவரும் மெழுகுவத்தி செய்பவரும் அரசால் ஒடுக்கப்படக் கூடாது, ஆனால் அவர்களை ஆளவிட்டால் ஒடுக்கப்படுவது அரசு என்று எழுதினார். நம் நாட்டில் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்த ஒருவர் இந்த வரியைப் படிக்கும்போது என்ன உணர்வார் என்பதை நினைத்துப் பார்க்காமல் பர்க்கைப் பரிந்துரைப்பவர் நேர்மையானவர் அல்லர். வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்தத்தையும் அவர் எதிர்த்தார். 1780க்குப் பிறகு அவரே ஒரு பிரபுவின் பிடியிலிருந்த மால்டன் தொகுதியின் உறுப்பினராகத்தான் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். புரட்சிக் காலத்தில் அதை ஆதரித்த எழுத்தாளர் தாமஸ் பெயின் அவருக்குச் சொன்ன மறுமொழி இன்றும் வலுக் குறையவில்லை: பர்க் பறவையின் இறகுக்காக இரங்குகிறார், சாகும் பறவையை மறந்துவிடுகிறார்.

சீர்திருத்தத்தைப் பொறுப்போடு செய்ய வேண்டிய இடத்தில் இருப்பவருக்கு, அதாவது ஊராட்சி உறுப்பினருக்கு, அலுவலருக்கு, பொதுச் சொத்தைப் பராமரிப்பவருக்குப் பர்க் மிகச் சிறந்த துணை. மாற்றத்துக்கு வழியில்லாத அரசு தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லாதது என்று சொன்னவரும் அவரே என்பதால், அவரை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும்.

ஜோசப் டி மேஸ்தர்: முறையீடு இல்லாத முடிவு

பர்க்கின் தோழராக மேஸ்தரைப் பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. 1753இல் சவாய் நாட்டின் சாம்பெரியில் பிறந்து, 1792இல் பிரெஞ்சுப் படைகள் நுழைந்தபோது ஊரைவிட்டு ஓடி, பின்னர் சார்டினிய மன்னரின் தூதராகப் பீட்டர்ஸ்பர்க்கில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் இவர். பர்க் அதிகாரத்துக்கு வரம்பு தேடுகிறார். மேஸ்தர் அதிகாரத்துக்கு வரம்பே இருக்க முடியாது என்கிறார். எந்த அமைப்பிலும் இறுதியில் ஒருவர் முறையீடில்லாத முடிவை எடுத்தே ஆகவேண்டும். ஆகவே ஆன்மிகத்தில் பிழையாமை என்று எதைச் சொல்கிறோமோ, அரசியலில் இறைமை என்பதும் அதுவே. மனிதர்கள் கூடி உட்கார்ந்து காகிதத்தில் அரசியலமைப்பை எழுதிவிட முடியாது, அது கடவுளின் ஏற்பாட்டில் காலப்போக்கில் முளைப்பது என்பது அவருடைய இன்னொரு வாதம். தாராளவாதம் பேசும் பொதுவான மனிதனை மறுத்து, பிரெஞ்சுக்காரரையும் இத்தாலியரையும் ரஷ்யரையும் கண்டிருக்கிறேன், மனிதனை எங்கும் கண்டதில்லை என்றார்.

இறுதிச் சொல் யாருடையது என்ற அவருடைய கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 7க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்ததே, அந்த ஒரு நீதிபதியின் கணக்கில் நிற்பது என்ன என்று மேஸ்தர் நம்மைக் கேட்பார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஜாக்சன் 1953இல் இதே இடத்தைத் தொட்டு, பிழையாதவர்கள் என்பதால் எங்கள் சொல் இறுதியானதல்ல, இறுதியானது என்பதால்தான் நாங்கள் பிழையாதவர்கள் என்றார். ஆனால் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஜனநாயகம் அந்த இறுதிச் சொல்லை ஒருவரிடம் குவிக்காமல் நாடாளுமன்றம், நீதிமன்றம், தேர்தல் எனப் பல கைகளில் பிரித்து வைக்கிறது. இன்றைய இறுதிச் சொல் நாளை மறுபரிசீலனைக்கு உட்பட்டது என்ற கதவையும் திறந்து வைக்கிறது. மேஸ்தருக்கு அந்தக் கதவு கோழைத்தனம். எனக்கு அது மனிதர் பிழைசெய்வர் என்ற அறிவின் உருவம்.

அவருடைய கணிப்புகளையும் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்கர்கள் தீர்மானம் போட்டு ஒரு தலைநகரைக் கட்டப் போகிறார்களாம். அந்த நகரம் கட்டப்படாது, அல்லது அதற்கு வாஷிங்டன் என்ற பெயர் இருக்காது, அல்லது காங்கிரஸ் அங்கே கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று பந்தயம் கட்டலாம் என்று 1790களில் எழுதினார். மூன்றுமே பொய்த்தன. பிரான்சில் மன்னராட்சி மீளும் என்ற கணிப்பு பலித்தது. ஆனால் அரியணையையும் பலிபீடத்தையும் மறுபடி பிணைக்க முயன்று, திருப்பொருளை இழிவுசெய்தால் மரண தண்டனை என்று 1825இல் சட்டம் போட்ட பத்தாம் சார்லஸின் ஆட்சி 1830 ஜூலையில் கவிழ்ந்தது.

ஆள்பவர் தவறினால் என்ன என்று கேட்டால் மேஸ்தரிடம் கிடைப்பது, திருத்தந்தையின் கண்டிப்பு, அதற்கு மேல் கடவுளின் தண்டனை. கடைசி மனிதருக்கு அவர் தருவது, துன்பம் பாவத்துக்கான பரிகாரம் என்ற விளக்கம். இந்த வரிசையின் இருபதாம் நூற்றாண்டு வாரிசாகத் தன்னைக் கண்ட ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட், விதிவிலக்கான நிலையை முடிவு செய்பவரே இறைமை கொண்டவர் என்று 1922இல் எழுதினார். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1934இல் ஹிட்லர் விசாரணையின்றிச் செய்த கொலைகளைச் சட்டத்தின் காவல் என்று நியாயப்படுத்தினார். மேஸ்தரை நாஜிக்கு முன்னோடி என்று சொல்வது அநியாயம். ஆனால் இடித்துரைப்பவருக்கு இடமில்லாத வாதம், பக்தி குறைந்த கைகளில் சிக்கினால் எங்கே போகும் என்பதற்கு ஷ்மிட்டின் வாழ்க்கை போதுமான பாடம். ஆகவே மேஸ்தரை எதிர்த்தரப்பின் வலிமையான வழக்கறிஞராகப் படிக்கலாம். சட்டம் பயிலும் மாணவருக்கு அவர் மிகப் பயனுள்ளவர். வழிகாட்டியாகக் கொள்ளத்தக்கவர் அல்லர்.

கெனோனும் குமாரசுவாமியும்: எண்ணிக்கைக்கு எதிரான தரம்

1886இல் பிரான்சில் பிறந்து 1930இல் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்த கெனோனும், 1877இல் கொழும்பில் சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வாழ்நாளின் பிற்பகுதியைக் கழித்த ஆனந்த குமாரசுவாமியும் இந்தப் பள்ளியின் இரு தூண்கள். உயர்ந்தது தாழ்ந்ததிலிருந்து பிறக்க முடியாது. ஆகவே அதிகாரம் கீழிருந்து வரும் என்பதே முரண். பெரும்பான்மை என்பது வெறும் அளவு, அளவு ஒருபோதும் தரமாகாது என்பது கெனோனின் வாதம். குமாரசுவாமி 1942இல் எழுதிய ஆய்வில், ஐதரேய பிராமணம் என்னும் வேத நூலில் வரும் புரோகிதன்–அரசன் உறவை எடுத்துக்கொண்டு, ஞானமும் வலிமையும் திருமணம் போன்ற பிணைப்பில் இருக்க வேண்டும், ஞானத்துக்குக் கட்டுப்படாத அரசன் கொடுங்கோலனே என்று நிறுவுகிறார். இடித்துரைப்பவர் இங்கே இருக்கிறார். ஆனால் அவர் பிறப்பாலோ தீட்சையாலோ தெரிந்தெடுக்கப்பட்டவர், அவர் அரசனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டால் மூன்றாமவருக்குப் புகலிடம் இல்லை. வருண ஒழுங்கைத் தொழில்சார்ந்த அறமாகக் காட்டி அதற்காக வாதாடியவர் குமாரசுவாமி என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்த வாதம் ஈழத் தமிழரின் வரலாற்றில் வெறும் தத்துவமாக இருந்துவிடவில்லை என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். குமாரசுவாமியின் அத்தை மகனான சர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கையின் ஆட்சிமுறையைச் சீரமைக்கப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை பரிந்துரைத்தபோது அதை எதிர்த்தார். எதிர்ப்பையும் மீறி 1931இல் இலங்கையில் அந்த உரிமை நடைமுறைக்கு வந்தது. எண்ணிக்கையின் ஆட்சி சிறுபான்மையை என்ன செய்யும் என்ற அச்சம் பொய்யாகவில்லை: 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது, 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அளவு தரமாகாது என்ற கெனோனின் வாக்கியத்தை 1956ஐ நினைத்துப் படிக்கும் தமிழருக்கு அதன் கூர்மை உடனே தெரியும்.

ஆனால் அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தால் யாழ்ப்பாணத்தில் அதை இழந்திருப்பவர் யார்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில், உள்ளே செல்லும் உரிமைக்காகப் போராடி நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினரின் பெற்றோரும் பாட்டன்மாரும்தான். பெரும்பான்மையின் கையைக் கட்டுவதற்கு அந்நாட்டில் எழுத்தில் இருந்த ஒரே கயிறும் மரபிலிருந்து வரவில்லை. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் (சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பின்) 29(2) பிரிவு, மரபுவாதிகள் இகழும் தாராளவாதச் சிந்தனையின் குழந்தை. அந்தக் கயிறு வலுவற்றதாக இருந்தது. மலையகத் தமிழரின் வழக்கில் 1953இல் அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. 1972இல் அது முற்றிலும் நீக்கப்பட்டது. கயிறு அறுந்தது கயிறே வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது. எண்ணிக்கையின் கொடுமைக்கு மருந்து, வாக்காளரைக் குறைப்பதில் இல்லை, வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டவை எவை என்று வரையறுப்பதில் இருக்கிறது என்பதே அந்த வரலாற்றிலிருந்து நான் கற்றது.

கலை, கைத்தொழில், சமயம் பற்றிச் சிந்திப்பவருக்குக் குமாரசுவாமி பெருஞ்செல்வம். அரசியலுக்கு இந்தப் பள்ளி தரும் நடைமுறை வழி எதுவும் இல்லை. வழி தேடிய இத்தாலியரான யூலியஸ் எவோலா அதைப் பாசிசத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

காந்தி: தன்னை ஆள்பவரின் மறுப்பு

1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிய கில்டோனன் காசில் கப்பலில், பத்து நாட்களில் குஜராத்தியில் காந்தி எழுதி முடித்த ‘ஹிந்த் ஸ்வராஜ்’ ஒரு சிறிய நூல். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் பற்றி அதிலுள்ள கடுஞ்சொற்களைப் பிற்காலத்தில் ஓர் ஆங்கிலப் பெண் நண்பருக்காக ஒரு சொல் அளவில் மாற்ற ஒப்பினார், குற்றச்சாட்டை மாற்றவில்லை. உறுப்பினர்கள் சிந்திக்காமல் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள், பிரதமருக்கு நாடாளுமன்றத்தின் நலனைவிடத் தன் கட்சியின் வெற்றியே பெரிது, வாக்காளரின் கருத்து செய்தித்தாள்களால் ஊசல்போல் ஆடுகிறது என்று அவர் அடுக்குவதைப் படிப்பவர், ஆண்டு 1909 என்பதை அடிக்கடி நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆங்கிலேயரை விரட்டிவிட்டு அவர்கள் ஆட்சிமுறையை வைத்துக்கொள்ள விரும்புவது, புலி வேண்டாம் புலியின் குணம் வேண்டும் என்பதாகும் என்றார்.

மற்றவர்களிடமிருந்து காந்தியைப் பிரிப்பது ஒன்று. பெரும்பான்மையின் செயல் சிறுபான்மையைக் கட்டுப்படுத்தும் என்று நம்புவது மூடநம்பிக்கை என்று அவரும் சொல்கிறார். ஆனால் அதற்கு மாற்றாக மன்னரையோ குருவையோ அவர் உட்கார வைக்கவில்லை. அநீதியான சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுத்து, அதற்கான தண்டனையைத் தானே ஏற்கும் சாதாரண மனிதரை வைக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் அப்போது சிறை சென்றுகொண்டிருந்தவர்களில் தமிழ்த் தொழிலாளரும் சிறுவியாபாரிகளும் பெரும்பங்கு வகித்தார்கள். இந்த இடித்துரைப்பவர்கள் கற்பனையில் பிறந்தவர்கள் அல்லர். ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது என்றால் தன்னை ஆள்வதிலிருந்து என்பது பதில். மரபின் பெயரால் பேசிய இவர்களில் மிகக் கடைசியில் இருப்பவர் கையில் கருவியைக் கொடுத்தவர் இவர் ஒருவரே.

மறைவிலையோ பெரியது. காந்தி தன் மரபைக் கிராமத்தில் நட்டார். கிராமம் என்பது குறுகிய உள்ளூர்ப் பற்றின் சாக்கடை, அறியாமையின் குகை என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னது கோபத்தில் வீசிய சொல்லன்று, வாழ்ந்தறிந்த சாட்சியம். அதற்குப் பிந்திய சாட்சியம் நம் மாநிலத்திலேயே உண்டு. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு உயிர் கொடுத்த பிறகு, மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை 1996 முதல் பத்தாண்டு காலம் முறையாக நிரப்ப முடியவில்லை. 2006இல்தான் தேர்தல் நடந்தது. மேலவளவில் தேர்தலில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் மேலும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தேர்தல்களைக் கொண்டுவந்தது அரசியலமைப்பு, தடுத்தது ஊர். கிராம சுயராஜ்யத்தை நேசிக்கும் நான் இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

காந்தியும் இந்த இடைவெளியை அறிந்திருந்தார். இந்நூலில் உள்ள சுயராஜ்யத்தையே தான் இப்போது நாடுவதாக வாசகர் எண்ண வேண்டாம், மக்கள் விருப்பப்படி நாடாளுமன்ற சுயராஜ்யத்துக்காகத் தன் பொதுப்பணி நடக்கிறது என்று 1921இல் எழுதினார். விமர்சனத்தைக் கைவிடாமலும், மற்றவர்மேல் திணிக்காமலும், இருக்கிற அமைப்புக்குள் வேலை செய்த இந்த நிலையே மரபுவாதி ஒருவர் ஜனநாயகத்தில் நேர்மையாக வாழக்கூடிய முறை என்று நினைக்கிறேன்.

யாருக்கு எது?

பொதுச் சொத்து, நீர்நிலை, நிறுவனம் ஆகியவற்றின் சீரழிவைக் கண்டு வருந்துபவர் பர்க்கில் தொடங்கலாம். நீதிமன்றம், நாடாளுமன்றம், இறுதி அதிகாரம் பற்றிய கேள்விகள் உறங்கவிடாதவர் மேஸ்தரை எதிர்வாதியாக வைத்துப் படிக்கலாம்; ஷ்மிட்டின் வாழ்க்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும். அரசியலைவிட வாழ்க்கையின் பொருள் பெரிதென்று நினைப்பவர் குமாரசுவாமியிடம் போகலாம். அவருடைய அரசியல் முடிவுகளை வாசலிலேயே விட்டுவிடலாம். கட்சி அரசியலில் நம்பிக்கை இழந்தும் செயலை விட மனமில்லாதவருக்குக் காந்தி.

மூன்று மாதம் மட்டுமே ஒதுக்க முடியும் ஒரு வட்டத்துக்கு என் பரிந்துரை இது: முதல் மாதம் பர்க்கின் 1785 உரையில் ஏரிகள் பற்றிய பகுதியும், அதன்பின் 1790 நூலில் தலைமுறைகளின் கூட்டு பற்றிய பக்கங்களும், இரண்டாம் மாதம் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ முழுவதும், மூன்றாம் மாதம் அம்பேத்கரின் 1948 நவம்பர் 4, 1949 நவம்பர் 25 உரைகள். இரண்டாவது உரையில் அவர், சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று எச்சரிக்கும் இடத்தை உரக்கப் படித்து, பர்க்கும் காந்தியும் அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு மாலை முழுவதும் பேசுங்கள். அந்த அமர்வில் ஊராட்சித் தலைவராக இருந்த ஒருவரையும், ஊர் தன்னை உள்ளே விடாத அனுபவம் உள்ள ஒருவரையும் அழைத்து வந்து, அவர்களை முதலில் பேசவிடுங்கள்.